பயண ஆங்கிலம்: பதில் காதில் ஏறுகிறதா?

வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். 'பயணத்துக்குத் தேவையான 500 சொற்கள்' என்று இணையத்தில் எங்கோ எடுத்தது. ஏர்போர்ட், லக்கேஜ், பாஸ்போர்ட், டிக்கெட் என்று தொடங்கும். இதில் பாதி, தமிழ் பேசும்போதே நம் வாயில் புழங்குபவை. மீதியை மனப்பாடம் பண்ணிவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் தயார் என்று நிம்மதியாக இருப்பார்கள். கேள்வி கேட்பதில் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. எதிரில் இருப்பவர் வாய் திறந்த பிறகுதான் தடுமாற்றம்.

அதனால் முதல் வகுப்பில் பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நான் விமான நிலையக் கவுன்ட்டர் ஊழியர் ஆகிவிடுவேன். கொஞ்சம் வேகமாக, முகத்தைப் பார்க்காமல், கீபோர்டைத் தட்டிக்கொண்டே பேசுவேன். நிஜத்திலும் அப்படித்தான் பேசுவார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மா 'விண்டோ சீட், ப்ளீஸ்' என்பதை அழகாகப் பழகி வந்திருந்தார். அவரைச் சொல்லவிடாமல் நான் முந்திக்கொண்டு, "விண்டோ ஆர் ஐல்?" என்றேன். முழித்தார். நடைபாதை ஓரத்து இருக்கையைக் குறிக்கும் அந்தச் சொல் அவர் பட்டியலிலேயே இருந்தது. எழுத்தைப் பார்த்து 'ஐஸில்' என்று படித்து வைத்திருக்கிறார். அந்தச் சொல்லில் எஸ் எழுத்துக்கு ஒலியே கிடையாது. கண்ணுக்குப் பழகிய சொல் காதுக்குப் பழகவில்லை.

நான் தொடர்ந்தேன். "டிட் யூ பேக் திஸ் யுவர்செல்ஃப்?"

"எஸ்."

"ஹேஸ் எனிஒன் கிவன் யூ எனிதிங் டு கேரி?"

"எஸ்."

நாடகத்தை நிறுத்தினேன். "இப்போ என்ன கேட்டேன்மா?"

"பெட்டியைப் பத்தி ஏதோ கேட்டீங்க சார். சரின்னுட்டேன்."

வேறு யாராவது எதையாவது கொடுத்து எடுத்துப்போகச் சொன்னார்களா என்பது கேள்வி. அதற்கு ஆமாம் என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், மேற்கொண்டு விசாரிப்பார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். புரியாத கேள்விக்குச் சிரித்த முகத்தோடு 'எஸ்' சொல்வது படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரிடமும் உள்ள பழக்கம். புரியவில்லை என்று சொல்வதில் உள்ள கூச்சம்தான் காரணம். அந்த 'எஸ்' வரும் இடத்தில், திரும்பச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கும் மூன்று தொடர்களை உட்கார வைக்கிறேன்: 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?', 'எ லிட்டில் ஸ்லோவர், ப்ளீஸ்', 'குட் யூ ரைட் இட் டவுன்?'

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தின் பால் நேஷனும் டேவிட் கிராப்பும் 1991-இல் பயணிகளுக்காக ஒரு சொல்தொகுதியை வகுத்தார்கள். எந்த மொழிக்கும் பொருத்திக்கொள்ளலாம். சொல்லும் தொடருமாகச் சேர்த்தே ஏறத்தாழ 120தான். வணக்கம் சொல்வது, வாங்குவது, வழி கேட்பது, தங்குவது, சாப்பிடுவது, அறிவிப்புப் பலகை படிப்பது என்று பிரித்தவர்கள், பேச்சைக் கட்டுப்படுத்தும் தொடர்களுக்கு என்றே தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள். புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பது மாதிரியானவை. நான் பார்க்கும் 500 சொல் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்தப் பிரிவுதான். என்னைக் கேட்டால், படிப்பையே இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'எஸ்' விஷயத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் யுவர் பேக்?' என்று பாதுகாப்புச் சோதனையில் கேட்பார்கள். திறப்பதில் ஆட்சேபம் உண்டா என்று பொருள். சம்மதம் என்றால் 'நாட் அட் ஆல்'. 'எஸ்' என்றால் மறுப்பாகிவிடும். இலக்கணம் யோசிக்க அங்கே நேரம் இருக்காது; 'ஷ்யூர்' என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்துவிடுங்கள். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாரே என்று நினைக்க வேண்டாம், அது உத்தரவுதான்.

அடுத்தது எண்கள். ஒன்று இரண்டெல்லாம் தெரியாதா என்று எல்லோரும் தாண்டிப்போக நினைப்பார்கள். நான் விடுவதில்லை. 'கேட் ஃபிஃப்டீன்', 'கேட் ஃபிஃப்டி' இரண்டையும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன். பத்து முறை சொன்னால் இரண்டு மூன்றாவது தவறும். பதினைந்தைத் தனியாகச் சொல்லும்போது அழுத்தம் கடைசி அசையில் விழும், ஐம்பதில் முதல் அசையில். ஆனால் பதினைந்தின் பின்னால் 'மினிட்ஸ்' போல ஒரு சொல் ஒட்டினால் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். அப்புறம் கடைசியில் கேட்கும் 'ன்' ஒன்றுதான் துணை. ஒலிபெருக்கி இரைச்சலில் அதை நம்பி நடக்க முடியுமா? 'ஒன் ஃபைவ்?' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்டுவிடுவதுதான் நல்லது.

எழுத்துகளுக்கும் இதே கதை. பி, டி, வி மூன்றும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று விமானிகள் சொல்லும் எழுத்து வரிசை 1956-இல் இறுதி வடிவம் பெற்றது, உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது. 26 சொற்களையும் படிக்கச் சொல்லவில்லை. உங்கள் பெயரில் வரும் எழுத்துகளுக்கு மட்டும் படித்து வையுங்கள். முன்பதிவு எண்ணைச் சொல்லும்போதும் அதில் பல எழுத்துகள் கைகொடுக்கும்.

பட்டியல்கள் செய்யும் இன்னொரு காரியம், எதிர்ச்சொற்களை ஜோடி ஜோடியாகப் போடுவது. அரைவல், டிபார்ச்சர். புஷ், புல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றோடொன்று குழம்பிக் கற்பது கடினமாகிறது என்று 1990-களில் மொழிக் கற்றல் ஆய்வாளர் தாமஸ் டிங்கம் செய்த ஆய்வுகள் காட்டின. இரண்டு சொல்லும் தெரியும், எது எதுவென்றுதான் தெரியாது என்ற நிலையை வகுப்பில் நானும் அடிக்கடி பார்க்கிறேன். எனவே பயணம் நடக்கும் வரிசையிலேயே சொற்களையும் படிக்கச் சொல்கிறேன். கிளம்பும்போது தேவை டிபார்ச்சர். அது மனதில் ஊறியபின் ஒரு வாரம் கழித்து அரைவல் வரட்டும்.

சில சொற்கள் தெரிந்த மாதிரியே இருந்து காலை வாரும். 'டபுள் ரூம்' என்றால் பெரும்பாலும் ஒரே பெரிய கட்டில். இரண்டு தனிக் கட்டில் வேண்டுமென்றால் 'ட்வின்'. அலுவலக வேலையாகச் சேர்ந்து போகும் இருவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்! 'டைரக்ட்' விமானம் வழியில் இறங்கி ஏறலாம். விமான எண் மாறாது, அவ்வளவுதான். எங்குமே இறங்காதது 'நான்-ஸ்டாப்'. பிரிட்டனில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' தரைத்தளத்துக்கு மேலே உள்ள மாடி. அமெரிக்காவில் அது தரைத்தளமே. 03/04 என்ற தேதி பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மற்ற பிரிட்டிஷ்-அமெரிக்க வேறுபாடுகளை அங்கே போய்க்கூடப் பழகிக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை.

பெட்டி வந்து சேராத நாளில்தான் சொல்லுக்கு விலை தெரியும். 'லாஸ்ட்' (தொலைந்தது), 'டிலேய்டு' (தாமதமானது), 'டேமேஜ்டு' (சேதமானது) மூன்றையும் நம்மவர்கள் 'பேக் ப்ராப்ளம்' என்ற ஒன்றில் அடக்கிவிடுவார்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இவற்றை வெவ்வேறாக நடத்துகிறது. பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்திருந்தால், வந்ததிலிருந்து 21 நாள். வர வேண்டிய தேதி கடந்து 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். முதல் நாளே பேக்கேஜ் கவுன்ட்டரில், பெட்டிக்கு நேர்ந்ததைப் பதிவு செய்யும் 'ப்ராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட்' கேட்டு வாங்குங்கள். வாயில் நுழையாவிட்டால் 'பி.ஐ.ஆர்.' என்றாலே போதும். அங்கே பெட்டியை வர்ணிக்கச் சொல்வார்கள். நிறம் எல்லோருக்கும் சொல்ல வரும். 'ஹார்டு ஷெல்', 'ஜிப்பர்', 'வீல்ஸ்', 'ஹேண்டில்' ஆகியவற்றைப் பழகுங்கள், கூடவே போனில் பெட்டியின் படம் ஒன்று இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் நினைவை நம்ப வேண்டாம், எழுதியே எடுத்துப்போங்கள். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப்பெயர்கூடச் சில இடங்களில் வேறு. பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். டாக்டரிடம் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, ஒவ்வாமை இருந்தால் 'அலர்ஜிக் டு' என்று போட்டு அதன் பெயரையும் கீழே சேர்த்து, அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.