வெள்ளம் வடிந்த கையோடு சம்பைக் காலி செய்யாதீர்கள்

வெள்ளம் வடிந்ததும் சென்னையில் பல வீடுகளில் மோட்டார் போட்டு சம்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, இறைத்துக் கழுவத் தொடங்கிவிடுகிறார்கள். சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும், அந்த அவசரம் புரிகிறது. ஆனால் கட்டடப் பொறியாளனாக நான் அஞ்சுவது அந்த நேரத்தைத்தான். காலியான சம்ப் மண்ணிலிருந்து மேலே எழும்பக்கூடும். எழும்பினால் தரை பிளக்கும், குழாய்கள் முறியும்.

"கான்கிரீட் எப்படி சார் மிதக்கும்?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். வெளி அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். சுவரும் அடித்தளமும் 15 செ.மீ., மேல்தளம் 12 செ.மீ. மொத்தக் கான்கிரீட் சுமார் 4 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் என்றால் எடை 10 டன். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறியிருந்தால், 2 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 2 டன் மேல்நோக்கித் தள்ளும். அடிப்பரப்பு 6 சதுர மீட்டர், ஆக 12 டன். பக்கச் சுவர்களில் விழும் அழுத்தம் எதிரெதிராகச் சமனாகிவிடும்.

மூன்றாவது விசை ஒன்று உண்டு, பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்: அடியில் மண் தாங்கும் விசை. நீர்மட்டம் ஏற ஏற தொட்டியின் எடை மாறுவதில்லை, மண் தாங்கும் பங்குதான் குறைகிறது. அது பூஜ்யமானால் தொட்டி கிளம்பிவிடும். சுவரோரம் நிரப்பிய மண்ணின் உராய்வு கொஞ்சம் பிடிக்கும்தான். ஊறிய மண்ணை நம்பி நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுற்றிலும் குளம்போல் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. அடித்தளத்துக்குக் கீழே மெல்லிய நீர்ப்படலம் நிலத்தடி நீரோடு தொடர்பில் இருந்தால் போதும், முழு 12 டன்னும் வந்துவிடும்.

சரி, என்ன செய்வது? கீழ்நோக்கிய எடை, மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு விசையைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும், இங்கே 14.4 டன். உள்ளே ஒரு மீட்டர் தண்ணீர் விட்டுவைத்தால் இன்னொரு 4.6 டன் கிடைக்கிறது, போதும். முழுதாகக் கழுவுவதற்கு, பக்கத்துத் திறந்த கிணற்றில் நீர்மட்டம் சம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். அதுவரை சம்பில் உள்ள தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே 30 செ.மீ. நீட்டச் சொல்லுங்கள். அதன்மேல் உட்காரும் மண் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். செலவு சொற்பம், ஆனால் கட்டி முடித்தபின் செய்ய முடியாது. ஃபைபர் செப்டிக் டேங்க் என்றால் இன்னும் கவனம் தேவை. அதற்குச் சொந்த எடை மிகக் குறைவு. கான்கிரீட் தளம் போட்டு, அதோடு பட்டையால் இறுக்கிக் கட்டிய பிறகே மண் போட்டு மூட விடுங்கள்.