நெகட்டிவைத் திட்டாதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

ஒளியுணரும் கரைசல் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டி நீலப் படம் எடுப்பதுதான் சயனோடைப். அந்த வகுப்பில் முதல் நாள் சாயங்காலமே யாராவது ஒருவர் ஈரம் சொட்டும் நீலப் படத்தோடு வந்து நிற்பார். "நெகட்டிவ் நல்லாத்தான் இருக்கு, பிரிண்ட் மட்டும் ஏன் மங்கலா வருது?" அதற்குள் பிரிண்டரைத் திட்டி, இன்னும் அதிக டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அச்சு நுணுக்கம்) வேறொரு நெகட்டிவும் அடித்திருப்பார்.

நான் முதலில் கேட்பது, மசி இருந்த பக்கம் எதைப் பார்த்துக் கிடந்தது என்றுதான். நெகட்டிவை அச்சடிக்கும் இன்க்ஜெட் பிலிமின் கனம் சுமார் 0.1 மி.மீ. மசி மேலே கண்ணாடிப் பக்கம் இருந்தால், அந்தக் கனமே மசிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளியாகி, அதற்குள் ஒளி பக்கவாட்டில் பரவி விளிம்புகளைத் தின்றுவிடும். அதனால் படத்தைக் கணினியிலேயே இடவலம் மாற்றி அச்சடித்து, மசிப் பக்கம் பூச்சின் மேல் படும்படி வையுங்கள்.

நேர் வெயிலில் இந்தத் தப்பு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான், கதிர்கள் கிட்டத்தட்ட இணையாகவே வருகின்றன. மேகம் மூடினாலோ யூவி குழல்விளக்குப் பெட்டிக்கு மாறினாலோ ஒளி நாலா பக்கமிருந்தும் வரும், அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும். மாடியில் நன்றாக வந்தது பெட்டியில் ஏன் கெட்டது என்று நானே பல நாள் மண்டையைக் குடைந்திருக்கிறேன்.

படம் முழுக்க இல்லாமல் திட்டுத்திட்டாக மங்கியிருந்தால் கோளாறு அழுத்தத்தில். சுவரில் மாட்டும் போட்டோ ஃபிரேமின் மெல்லிய கண்ணாடியை ஓரத்தில் கிளிப் போட்டு இறுக்கினால் நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். 5 அல்லது 6 மி.மீ. கண்ணாடி, தாளுக்குப் பின்னால் கம்பளித் துணியோ மெல்லிய ஃபோமோ, இவ்வளவு போதும். அப்புறம், பாதியில் திறந்து பார்க்கும் ஆசை! ஒரு பாதியை மட்டும் திறந்து பார்க்கும்படி பின்பலகை இரண்டாக மடங்கும் காண்டாக்ட் ஃபிரேம் (நெகட்டிவையும் தாளையும் சேர்த்து அழுத்தும் சட்டம்) இல்லையென்றால் நெகட்டிவ் நகர்ந்து விளிம்பு இரட்டையாகிவிடும்.

மழைக்காலத்தில் பூசிய தாள் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், தாள் அலையலையாக நெளியும். வான்டைக் (பழுப்புப் படம் தரும் முறை) போன்ற, வெள்ளி உப்பு சேர்க்கும் முறைகளில் அந்த ஈரம் நெகட்டிவையும் கறையாக்கிவிடும். இருட்டில் நன்றாகக் காயவிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்துங்கள். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் மயிரிழை நுணுக்கத்தை எதிர்பார்க்காதீர்கள், அதற்குச் சூட்டில் அழுத்தி வழவழப்பாக்கிய ஹாட் பிரஸ் தாள்தான் சரி.

சந்தேகம் இருந்தால் ஒரு பிலிம் முழுக்கப் பொடி எழுத்துகளை அடித்து, அதை வைத்து ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். எழுத்து எங்கே கலங்குகிறதோ, உங்கள் ஃபிரேம் அங்கேதான் அழுத்தவில்லை.