எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் என் சர்வீஸ் மேஜையில் லென்ஸ் வைக்க இடம் இருக்காது. இந்த முறை நாலாவதாக வந்த தம்பி, 18-300 லென்ஸை நீட்டி, "அண்ணே, லென்ஸு ஃபால்ட்டு. அழகரு கலங்கலா வந்திருக்காரு. பதினாறு எக்ஸுன்னு சொல்லித்தான் வாங்குனேன்" என்றார். சோதித்துப் பார்த்தேன், லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

இந்த எக்ஸ் என்ற எழுத்தை விற்பவர்கள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் என் தொண்டைத் தண்ணி மிச்சமாகும். எக்ஸ் தூரத்தைச் சொல்வதே இல்லை. லென்ஸில் எழுதியிருக்கிற மில்லிமீட்டரில் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 300-ஐ 18-ஆல் வகுத்தால் பதினாறு சொச்சம். பறவை எடுப்பவர்கள் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே 150-600, அதற்கு வகுத்துப் பாருங்கள், வெறும் 4. ஆனால் அந்த நாலு எக்ஸ்தான் இந்தப் பதினாறைவிட இரண்டு மடங்கு கிட்டே கொண்டுவரும். 16-35 லென்ஸும் ஜூம்தான்; அதில் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் முழுசாக அடங்கும், உச்சியில் இருக்கிற சுதைச் சிற்பத்தின் முகம் மட்டும் தெரியாது. ஒரே 85 மட்டும் உள்ள லென்ஸ் ஜூமே கிடையாது, ஆனால் டெலி. ஜூம் என்றால் ஃபோக்கல் லெங்த், அதாவது அந்த மில்லிமீட்டர் எண், மாறும், டெலி என்றால் அது அதிகம். இரண்டும் வேறு வேறு. கடையில் மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேளுங்கள், அப்புறம் 300 முனையில் எஃப், அதாவது லென்ஸ் துளை திறக்கிற அளவு, எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, அழகர் ஏன் கலங்கினார்? ஃபைலைத் திறந்தால் 300 மி.மீ., எஃப் 6.3, ஷட்டர் 1/40 நொடி. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆட்டோ மோடில் விட்டால் கேமரா அப்படித்தான் போடும். "ஸ்டெபிலைசர் இருக்குல்லண்ணே?" இருக்கிறது தம்பி, அது உங்கள் கை நடுக்கத்துக்கு. சீர்பாதம் தாங்கிகள் தோளில் குலுங்கி வருகிற தங்கக் குதிரையை அது எப்படி நிறுத்தும்? 1/500-க்குக் கீழே இறங்காதீர்கள், வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தைரியமாக ஏற்றுங்கள். புள்ளி விழுந்தால் ஓரளவு துடைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை யாராலும் மீட்க முடியாது. அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு 1/1000.

சூரியனை டெலி வழியாக வியூஃபைண்டரில் பார்க்கவே பார்க்காதீர்கள். கண் போய்விடும், அதற்கு என்னிடம் ஸ்பேர் கிடையாது. பெரிய லென்ஸ் மாட்டியிருந்தால் கேமரா பாடியைப் பிடித்துத் தூக்காமல் லென்ஸைத் தாங்கித் தூக்குங்கள். லென்ஸ் பாடியில் மாட்டுகிற மவுன்ட் வளைந்து மாதம் ஒன்றாவது வருகிறது.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். ஆற்றில் தோப்பறை என்கிற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் போவதென்றால் லென்ஸுக்கு ஒரு பாலிதீன் உறையாவது மாட்டுங்கள். ஜூமை நீட்டி மடக்கும்போது அது காற்றை உள்ளே இழுக்கும், கூடவே ஈரமும் போகும், அப்புறம் பூஞ்சைதான். நனைந்துவிட்டால் ஜூமைத் திருப்பாமல், பேட்டரியைக் கழற்றி, துணியால் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம், அரிசி டப்பாவும் வேண்டாம். போன வாரம் ஒரு லென்ஸின் ஜூம் வளையத்துக்கு அடியிலிருந்து குருணையைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன், பொன்னி அரிசி.