2020 நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) வீட்டுக்கு யார் வரலாம்? லண்டனின் நான்காம் அடுக்கு விதிகள்

(இது 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில் எழுதியது. இதில் வரும் கொரோனா விதிகளும் அபராதங்களும் பரிசோதனை ஏற்பாடும் உதவித்தொகையும் அந்தக் காலத்துக்குரியவை, இப்போது நடைமுறையில் இல்லை.)

2020 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை பிறந்ததோடு லண்டன் முழுவதும், இங்கிலாந்தின் கொரோனா அடுக்குகளில் மிகக் கடுமையான நான்காம் அடுக்குக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. நவம்பர் 24 அன்று அறிவித்த ஏற்பாட்டின்படி, 23ஆம் தேதி முதல் 27ஆம் தேதி வரை மூன்று வீட்டார் ஒன்றுகூடி நத்தார் கொண்டாடலாம் என்றிருந்தது. நமக்கு அது இனி இல்லை. முந்தைய நாள் சனிக்கிழமை மாலை அப்போதைய பிரதமர் போரிஸ் ஜோன்சன் இதை அறிவித்தார். சில மணி நேரத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இறைச்சிக்குச் சொல்லிவைத்து, பலகாரத்துக்கு மா வறுத்து, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து முடித்த பிறகு இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் யாருக்கும் மனம் சோர்ந்துதான் போகும். முன்பிருந்ததைவிட வேகமாகப் பரவும் புதிய வகை கொரோனா வைரஸ் லண்டனிலும் கென்ட் உள்ளிட்ட தென்கிழக்கிலும் பெருகியதே இதற்குக் காரணம். முதல் தடுப்பூசி டிசம்பர் 8ஆம் தேதிதான் கொவென்ட்ரியில் போடப்பட்டது. நம் வீட்டு முதியவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் முறை வரவில்லை. ஆகவே இந்தக் கட்டுப்பாட்டை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன்.

ஆனால் ஒன்று என்னைக் கவலைப்படுத்துகிறது. 'யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது' என்று சுருக்கமாகக் கேள்விப்பட்டவுடன், தனியாக இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ 'இந்த முறை வர வேண்டாம்' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் அப்படிச் சொல்லியிருக்கவே தேவையில்லை. தனித்திருப்பவர்களுக்காகச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதன் பெயர் ஆதரவுக் குமிழி. ஜூன் மாதத்திலிருந்தே அது நடைமுறையில் இருக்கிறது. நான்காம் அடுக்கிலும் தொடர்கிறது. கைவிடப்பட்டது நத்தாருக்கென்று அறிவித்த மூன்று வீட்டுக் குமிழி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் போய்விட்டன என்று பலர் எண்ணிக்கொண்டார்கள்.

ஆதரவுக் குமிழி என்றால், தகுதியுள்ள ஒரு வீடு வேறொரு வீட்டுடன் இணைந்து, இரண்டும் ஒரே வீடு போல நடந்துகொள்வது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகலாம், சேர்ந்து சாப்பிடலாம், இரவு தங்கலாம், இடைவெளி விட வேண்டியதில்லை. தனியாக வாழும் ஒருவர் இதற்குத் தகுதியானவர். பராமரிப்பாளர் வந்துபோனாலும் அவர் தனியாக வாழ்பவராகவே கருதப்படுவார். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடன் தனியாக இருக்கும் தாயோ தந்தையோ தகுதியானவர். வீட்டில் பெரியவர்கள் இருவர் இருந்து, ஒருவர் உடற்குறைபாட்டால் தொடர்ந்து பராமரிப்பு தேவைப்படுபவராக இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் வழியுண்டு. டிசம்பர் 2 முதல் இன்னொரு தரப்பையும் சேர்த்திருக்கிறார்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு. அங்கே பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி. தொடர் பராமரிப்பு தேவைப்படும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலும் அப்படியே. தாய்வீட்டுத் துணையில்லாமல் கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் திண்டாடிய இளம் தாய்மாருக்கு இது பெரிய ஆறுதல். நம்மவர்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை.

மற்ற வீடு எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் தகுதி இருந்தால் போதும். எங்கும் பதிவு செய்யவோ விண்ணப்பிக்கவோ வேண்டியதில்லை.

ஓர் உதாரணம். ஈஸ்ட்ஹாமில் ஓர் அம்மா கணவரை இழந்து தனியாக இருக்கிறார். மகன் குடும்பம் ஹரோவில், மகள் குடும்பம் டூட்டிங்கில். அம்மா மகன் வீட்டுடன் குமிழி அமைத்தால் நத்தார் அன்று அங்கே இருக்கலாம். ஆனால் காலையில் மகன் வீடு, மாலையில் மகள் வீடு என்று போக முடியாது. ஒரு குமிழிக்கு இரண்டு வீடுதான். மகனும் தன் மாமியாரோடு ஏற்கெனவே குமிழி அமைத்திருந்தால், அவர் வீட்டில் அம்மாவுக்கு இடமில்லை. இந்த இடத்தில்தான் குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வரும். யார் வீட்டில் ஆட்கள் குறைவாக வெளியே போய்வருகிறார்கள், யார் வீட்டில் அம்மாவுக்கு மாடிப்படி ஏறாமல் படுக்க இடம் இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளில் யார் மூத்தவர் என்பதைப் பார்க்காதீர்கள். கடையில் நின்றோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர்கள் உள்ள வீட்டுக்கு எழுபது வயதுத் தாயை அழைப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத்தான் வேண்டும். சட்டம் அனுமதிப்பதெல்லாம் ஆபத்தில்லாதது என்று பொருளல்ல. இந்தக் குமிழி நத்தாரோடு முடிவதுமில்லை. வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால், பழைய வீட்டாருடனான சந்திப்பை நிறுத்திப் பத்து நாட்களாவது கடந்திருக்க வேண்டும். ஆகவே தை, மாசி மாதங்களின் நீண்ட குளிரையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

அம்மாவை எப்போது கூட்டிவருவது? 25ஆம் தேதி லண்டனில் பாதாள ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கார் இல்லாத வீட்டார் 24ஆம் தேதி பகலிலேயே அழைத்துவந்துவிடுங்கள். குமிழியில் உள்ளவர் இரவு தங்கலாம் என்பதால் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அவருடைய மாத்திரைகள் நான்கைந்து நாட்களுக்குப் போதுமா என்று பையைக் கட்டும்போதே பாருங்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் 25ஆம் தேதி சட்டப்படியே மூடியிருக்கும். தேங்காய்ப்பால் முடிந்துவிட்டதென்றால் மூலைக்கடை திறந்திருந்தால்தான் உண்டு.

குமிழிக்குத் தகுதி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று இருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றையொன்று வீட்டுக்குள் சந்திக்க முடியாது. பின்வளவில் கதிரை போட்டும் முடியாது. தனியார் தோட்டமும் வீட்டைச் சேர்ந்ததாகவே கணக்கு. பூங்கா போன்ற பொதுவெளியில் ஒருவர் இன்னொரு வீட்டைச் சேர்ந்த ஒருவரைச் சந்திக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அண்ணனும் தம்பியும் இரண்டு மீட்டர் இடைவெளியில் நடந்து பேசலாம் என்ற அளவுக்குத்தான் இடம். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரு வீட்டுக்கும் போய்வரலாம். அதை நத்தார் காரணம் காட்டி யாரும் மறுக்கத் தேவையில்லை. வீட்டில் அடி, மிரட்டல் என்று துன்பப்படுகிறவர் எந்த நேரத்திலும் வெளியேறலாம். எந்த அடுக்கு விதியும் அவரைத் தடுக்காது.

பலகாரம் பரிமாறுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நத்தாருக்கு நாம் ரிச் கேக்கும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் தட்டில் வைத்து அயலில் உள்ள சைவ, முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதும், அவர்கள் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் திருப்பித் தருவதும் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். உடற்பயிற்சிக்காக நடக்கப் போகும் வழியில் பொட்டலத்தை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று வாழ்த்துச் சொல்லுங்கள். தட்டும் அதை மூடும் சேலைத் துணியும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் தட்டைக் கொடுக்க மனமில்லாமல் அவர்களும் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். முக்கியமாக, உள்ளே வரச் சொன்னால் போகாதீர்கள்.

நான்காம் அடுக்கிலும் ஆலயங்கள் மூடப்படவில்லை. திருப்பலிக்கும் ஆராதனைக்கும் போகலாம். முகக்கவசம் கட்டாயம், உங்கள் வீட்டாரோடும் குமிழியில் உள்ளவரோடும் மட்டுமே சேர்ந்து அமர வேண்டும். மக்கள் சேர்ந்து பாட முடியாது. பல ஆலயங்கள் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கின்றன, இன்றே கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று நலம் விசாரிக்கும் பழைய பழக்கம் இந்த முறை வேண்டாம். இணையத்தில் நேரலையாகப் பார்க்க விரும்பும் முதியவருக்கு, 24ஆம் தேதிக்கு முன்பே ஒருமுறை கைபேசியில் திறந்து காட்டி, ஒலியைக் கூட்டிவைத்துக் கொடுங்கள்.

லண்டனுக்கு வெளியே உறவினர் இருந்தால்: இங்கிலாந்தின் முதல் மூன்று அடுக்குப் பகுதிகளில் 25ஆம் தேதி ஒரு நாள் மட்டும் மூன்று வீட்டார் வரை கூடலாம். ஆனால் நான்காம் அடுக்கிலிருந்து நாம் அங்கே போய்ச் சேர முடியாது, அவர்களும் இங்கே வர முடியாது. ஏற்கெனவே அமைத்த ஆதரவுக் குமிழி மட்டுமே விதிவிலக்கு. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்துக்குத் தனித்தனி விதிகள். விதியை மீறினால் முதல் அபராதம் 200 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி 6,400 பவுண் வரை போகும்.

கடைசியாக, தனிமைப்படுத்தல். காய்ச்சல், தொடர் இருமல், மணம் அல்லது சுவை தெரியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 119ஐ அழைத்துப் பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். தொற்று உறுதியானாலோ, தொற்றாளருடன் நெருங்கிப் பழகியவர் என்று அறிவித்தாலோ பத்து நாட்கள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. நத்தார் நாளுக்கு விலக்கில்லை. இதை மீறினால் அபராதம் 1,000 பவுணிலிருந்து தொடங்கும். சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் இருமலோடு பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 500 பவுண் உதவித்தொகை உண்டு. அதைப் பெற, தனிமைப்படுத்திக்கொள்ளும்படி அதிகாரபூர்வ அறிவித்தல் வந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையாக இருந்து வருமானம் இழக்க வேண்டும். யுனிவர்சல் கிரெடிட், வேர்க்கிங் டாக்ஸ் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட் போன்ற அரசு உதவிக் கொடுப்பனவுகளில் ஒன்றைப் பெறுபவராக இருக்க வேண்டும். சுயதொழில் செய்பவரும் கேட்கலாம். எந்தக் கொடுப்பனவும் பெறாமல் குறைந்த வருமானத்தில் இருப்பவர், கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தன் விருப்புரிமையில் தரும் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவித்தலில் உள்ள தனி இலக்கம், வங்கிக் கணக்கறிக்கை, வேலை செய்வதற்கான சான்று ஆகியவற்றோடு உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வேலை தடைப்பட்டால், இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க முடியும்.