குளிரை ஜாக்கெட் பாத்துக்கும், வறட்சியை?

ஜனவரில மூணு வாரம் ஹெல்சிங்கி போகணும்னு ஆபீஸ்ல சொன்னதும் நான் ஓடிப்போய் வாங்குனது எல்லாமே குளிருக்குத்தான், தெர்மல், கம்பளி சாக்ஸ், முட்டி வரைக்கும் வர்ற ஜாக்கெட், குரங்கு குல்லாவைக்கூட விடல. போய் இறங்குனா வெளில மைனஸ் பத்து, அதை அந்த ஜாக்கெட் பாத்துக்கிச்சு. நாலாவது நாள் ரூமுக்குள்ள 22 டிகிரில டி-ஷர்ட்டோட உக்காந்திருக்கேன், மூக்குல ரத்தம்! பதறிப்போய் கூட வேலை பாக்குற ஃபின்லாந்துக்காரர்கிட்ட சொன்னா மனுஷன் அலட்டிக்கவே இல்ல, ராத்திரி ஹீட்டர் மேல ஈரத்துண்டு போடுங்கன்னு சொல்லிட்டு காபி எடுக்கப் போயிட்டார்.

போன்ல பாத்தா வெளில ஈரப்பதம் 85%னு காட்டுது, சென்னையைவிட ஜாஸ்தி, அப்புறம் எப்படி வறட்சி? எதுல 85ங்கறதுலதான் சூட்சுமம், அந்தச் சூட்டுல காத்துல அதிகபட்சம் நிக்கக்கூடிய நீராவில 85% இருக்குன்னு அர்த்தம். சூடு கூடக் கூட காத்துல நிக்கக்கூடிய நீராவியோட அளவும் கூடும். மைனஸ் பத்துல ஒரு கனமீட்டர் காத்துல அதிகபட்சம் ரெண்டு கிராம் சொச்சம்தான் நிக்கும், 22 டிகிரில 19 கிராம் வரைக்கும் நிக்கும். வெளிக்காத்து உள்ள வந்து ஹீட்டர்ல சூடாகுறப்போ அதுல புதுசா தண்ணி எதுவும் சேரல, இருக்குறது அதே ரெண்டு கிராம்தான். டம்ளர்ல இருந்த தண்ணியை அண்டாவுல ஊத்துன மாதிரி, அடிதான் நனையும். கணக்குப் போட்டா 85% அப்படியே 10% ஆயிடுது. நம்ம மூச்சு, குளியல், சமையல் ஆவியெல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். சென்னைல 30 டிகிரி, 75%னு ஒரு நாளை எடுத்தா ஒரு கனமீட்டர்ல 23 கிராம் கிட்ட தண்ணி மிதக்குது.

இதுல மாட்டிக்கிறது மூக்கு. நுரையீரலுக்குப் போற காத்து 37 டிகிரிகிட்ட சூடாகி, ஈரம் முழுசா ஏறித்தான் போகணும், அதாவது கனமீட்டருக்கு 44 கிராம். சென்னைல பாதி வேலையை ஊரே செஞ்சு குடுத்துடுது, அங்க கிட்டத்தட்ட மொத்தத்தையும் உடம்புதான் குடுக்கணும். அதனால மூக்கோட உள்தோல் காய்ஞ்சு வெடிக்குது. அதே மூக்கு வெளில நடந்தா ஒழுகும், சளி இல்ல அது. குளிர்காத்து பட்டதும் மூக்கு அவசர அவசரமா ஈரத்தைச் சுரக்கும், வெளிய வர்ற மூச்சுல உள்ள நீராவியும் குளிர்ந்துபோன மூக்கு நுனில தண்ணியா மாறும், ரெண்டும் சேர்ந்து சொட்டும்.

இன்னொண்ணு யாரும் வெளிப்படையா பேசமாட்டாங்க, ஒண்ணுக்கு அடிக்கடி வரும். குளிர்ல கை கால் தோலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உடம்போட நடுப்பகுதிக்கு வந்துடும், அங்க அழுத்தம் ஏறும், சிறுநீரகம் தண்ணி அதிகமாயிடுச்சுன்னு நினைச்சு வெளியேத்தும். மூச்சுல போறது ஒருபக்கம், இது ஒருபக்கம், வேர்க்காததால தாகமும் எடுக்காது. முதல் வாரம் மத்தியானம் மத்தியானம் வந்த தலைவலிக்கு நான் ஜெட்லேக் மேல பழி போட்டுட்டு இருந்தேன், பாட்டிலை டேபிள்ல வச்சு மணிக்கொரு தடவை குடிக்க ஆரம்பிச்சதும் அது குறைஞ்சுது.

ஷாக் அடிக்கிறதும் இதே கதைதான். ஸ்வெட்டர் உரசி உடம்புல ஏறுற மின்னூட்டம் நம்ம ஊர்ல பொருட்கள் மேல படிஞ்சிருக்குற ஈரம் வழியா சத்தமில்லாம இறங்கிடும், அங்க இறங்க வழியில்லாம சேர்ந்து, நீங்க கதவுக் கைப்பிடியைத் தொடுறப்போ பொறி பறக்கும். நான் சாவியால முதல்ல தொட்டுட்டு அப்புறம் கையை வைப்பேன், பொறி சாவில போயிடும்.

தோலுக்கு அம்மா குடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் பாட்டில் மூணு வாரமும் கல்லாவே இருந்துச்சு, அது உருக 24, 25 டிகிரி வேணும், ரூம் அவ்வளவு சூடு இல்ல. ஹீட்டர் மேல துண்டுக்குப் பக்கத்துல வச்சுத்தான் உருக்குனேன். அந்தத் துண்டு இருக்கே, சொட்டச் சொட்ட ராத்திரி போட்டா காலைல அப்பளம் மாதிரி விறைச்சு நிக்கும், அதுல இருந்த தண்ணி மொத்தமும் ரூம் காத்துக்குப் போயிருக்கும். ஜீன்ஸும் ஒரே ராத்திரில காய்ஞ்சுது. சென்னை டிசம்பர்ல ரெண்டு நாள் ஃபேனுக்குக் கீழ போட்டாலும் இடுப்புப் பட்டில ஈரவாடை போகாது.