அப்பா எந்தக் கல்லூரி?

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் வழிகாட்டுவது என் தொழில். போன வருடம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்பில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தோம். பெற்றோர் படித்த கல்லூரி, பட்டம், முடித்த ஆண்டு என்ற கட்டங்கள் வந்தன.

"அட்மிஷன் இவளுக்குத்தானே மேடம், நான் படித்ததை எதற்குக் கேட்கிறார்கள்?" என்றார் அப்பா. விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. முடித்தவர்.

சும்மா கேட்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். மனம் வரவில்லை. அந்தக் கட்டத்துக்கு இரண்டு வேலை. இந்தப் பிள்ளை குடும்பத்தின் முதல் பட்டதாரியா என்று பார்ப்பது ஒன்று; அதில் எனக்கு வருத்தமில்லை. தங்கள் பழைய மாணவரின் பிள்ளையா என்று கல்லூரி பார்ப்பது இன்னொன்று. ஆம் என்றால் இடம் கொடுப்பதில் சலுகை. அதுதான் 'லெகசி' முன்னுரிமை.

எல்லாம் பேருக்குத்தான் என்று நினைக்கிற பெற்றோருக்கு நான் ஹார்வர்டு கணக்கைச் சொல்வேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது நடந்த வழக்கால் வெளியே வந்த ஆறு ஆண்டுச் சேர்க்கை விவரம் அது. பழைய மாணவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் இடம் கிடைத்தது. மற்றவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு. அதே வழக்கில்தான் 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தைக் கருதி இடம் கொடுப்பது செல்லாது என்றது. அப்பா பெயரைக் கருதி இடம் கொடுப்பது தொடர்ந்தது.

"படித்தவர் வீட்டுப் பிள்ளை, நன்றாகப் படிக்கத்தானே செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ராஜ் செட்டி முதலான பொருளாதார அறிஞர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அப்பா படித்த கல்லூரியில் சலுகை பெறுகிற அதே பிள்ளை, அதே தரத்திலுள்ள வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் மற்றவர்களோடு மற்றவராகத்தான் நிற்கிறது. திறமை என்றால் அது அடுத்த வாசலிலும் செல்லுபடியாக வேண்டாமா?

இந்த வழக்கம் வேரூன்றியது 1920-களில். நுழைவுத் தேர்வில் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் முந்திக்கொண்டு வந்ததைப் பொறுக்காமல், மதிப்பெண்ணைத் தாண்டிக் குணம், குடும்பம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். குடியேறி வந்தவர் வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தப் போட்ட வேலி.

அதனால்தான் வேறொரு வீட்டில் கேட்ட கேள்வி எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அப்பா இங்கேயே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர். "என் டிகிரி பையனுக்குக் கணக்கில் வருமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். ஹார்வர்டு தன் இளநிலைக் கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகளைத்தான் கூடுதலாக ஒருமுறை பார்ப்பதாகச் சொல்கிறது. கட்டத்தை நிரப்பத்தான் சொன்னேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டம் இருந்தால் யாரும் நிரப்புவார்கள். குறை கட்டத்தை வைத்தவர்கள் மேல்.

பெற்றோர் வதந்தியை நம்ப வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் சி7 பகுதியைப் பாருங்கள். பழைய மாணவர் உறவு மிக முக்கியமா, முக்கியமா, கருதப்படுமா, கருதப்படாதா என்று கல்லூரியே குறித்திருக்கும். எம்.ஐ.டி., கால்டெக் இரண்டும் கருதுவதில்லை. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2021-இல் கைவிட்டது.

நன்கொடை நின்றுவிடும் என்பது கல்லூரிகளின் வழக்கமான சாக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014-இலேயே சத்தமில்லாமல் இதை நிறுத்தியது. அதன் பழைய மாணவரான தொழிலதிபர் மைக்கேல் புளூம்பெர்க் அங்கே 180 கோடி டாலர் கொடுத்தது 2018-இல். கலிஃபோர்னியாவில், மாநில அரசின் உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்து லெகசித் தடைச் சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே இருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமோ, அந்த உதவித்தொகையே வேண்டாம், லெகசிதான் வேண்டும் என்று முடிவெடுத்தது. அவ்வளவு பிடிமானம்!

இதையெல்லாம் அந்த விருதுநகர் அப்பாவிடம் சொல்லி முடித்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கல்லூரிப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மகள் தட்டினாள். ஒரு எழுத்து தவறியது, மறுபடி சொன்னார். ஆண்டு, 1996. அடுத்து அம்மாவின் கட்டம்.