வலிக்காத கட்டி

"ஒரு வாரமா மார்பு வலிக்குது டாக்டர்" என்று வருபவர் பதறிப்போய் வருவார். "கட்டி ஆறு மாசமா இருக்கு, வலிக்கலை, அதான் விட்டுட்டேன்" என்பவர் நிதானமாக உட்கார்ந்திருப்பார். பல நேரம் இது தலைகீழாக இருக்க வேண்டும்.

மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு ஹார்மோன் மாற்றத்தால் மார்பகம் நீர் கோத்துக் கனக்கும், வலிக்கும். விலக்கு வந்ததும் வடிந்துவிடும். கட்டி எதுவும் தட்டுப்படாவிட்டால் சரியான அளவு உள்ளாடையும் எப்போதாவது ஒரு வலிமாத்திரையும் போதும். பால் கொடுக்கும் தாய்க்கு ஓரிடம் சிவந்து, வலித்து, காய்ச்சலும் அடித்தால் அது வேறு கதை. மருந்து தேவைப்படலாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் டாக்டர் விரலை நம்புகிறார். இளம்பெண்களுக்கு வரும், புற்றல்லாத கட்டியான ஃபைப்ரோஅடினோமா, தொட்டால் துணிக்கடியில் கோலிக்குண்டு போல நழுவும். 'மார்பக எலி' என்றே அதற்கொரு பட்டப்பெயர் உண்டு. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல் மாதிரி, விளிம்பு பிடிபடாமல் ஒட்டிக்கிடக்கும்.

கையைத் தூக்கச் சொல்வது எதற்கு? தோலுக்கும் உள்ளிருக்கும் தசைக்கும் நடுவே நார்க்கயிறுகள் மார்பகத்தைத் தாங்குகின்றன. கட்டி அந்த நாரைப் பிடித்துச் சுருக்கினால், கை மேலே போகும்போது தோலில் ஒரு குழி விழும். நிணநீர் வடிய வழி அடைபட்டாலோ தோல் வீங்கும். மயிர்க்கால்கள் மட்டும் உள்ளே இழுபட்டு, கமலா ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழியும். காம்பில் தானாக, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கசிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது படம். முப்பதைத் தாண்டாதவருக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான். இளவயதில் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். சுண்ணாம்புச் சுவரில் வெள்ளைப் பொட்டைத் தேடுகிற வேலை. மேமோகிராம் சில புற்றுகளைத் தவறவிடவும் செய்யும். ஆகவே ரிப்போர்ட் 'நார்மல்' என்றாலும் விரலுக்குச் சந்தேகம் தீராவிட்டால் ஊசி குத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

இங்கேதான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். "ஊசி பட்டா பரவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை; தள்ளிப்போடும் மாதங்களில் கட்டி வளர்வதுதான் நிஜம். மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு எடுக்கும் திசு, சேமியாத் துண்டு அளவுதான் இருக்கும். குப்பியில் மிதக்கும் அந்தத் துண்டைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு.